கொடைக்கானல்: எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம்?

கடந்த செப்டம்பர் இறுதியில் ஓர் இரவு, மதுரையிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்தார். அவருக்கு வயது 74. ஆசிரியப் பணியின் முதல் மூன்று ஆண்டுகளைக் கொடைக்கானலில் கழித்தவர். முழங்கால் இன்னும் ஒத்துழைக்கும்போதே அந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்டோபர் முதல் வாரத்தில் குடும்பத்தோடு செல்லலாம் என்று முடிவுசெய்து, இ-பாஸுக்கும் விண்ணப்பித்திருந்தோம். ஆனால் அன்று அவர் குரலில் தயக்கம் இருந்தது. “வேண்டாம் தம்பி, இந்த வயசுல எதுக்கு வம்பு? மலையே வெடிச்சிருக்காம்ல” என்றார்.

பேரன் அனுப்பிய வாட்ஸ்அப் தகவல் ஒன்று அவரை அச்சுறுத்தியிருந்தது. பழனி மலைத்தொடர் அணைந்துபோன எரிமலை. மேல்மலையில் கிளாவரைக்கு அருகே நிலம் பிளந்தது அது மீண்டும் விழிப்பதன் அறிகுறி. விரைவில் பெரிய நிலநடுக்கம் வரும் என்று மூன்று செய்திகளை அந்தத் தகவல் அடுக்கியிருந்தது. முப்பது ஆண்டுகள் பள்ளியில் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில், “எல்லாம் பொய்” என்று ஒரே வரியில் என்னால் பதில் சொல்லியிருக்க முடியும். ஆனால் அந்தப் பதில் முழு உண்மையாக இருந்திருக்காது. எரிமலை என்பது பொய். நிலநடுக்கம் என்பது மிகை. நிலம் பிளந்தது என்பது மெய். இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்ததால், அஞ்ச வேண்டிய ஒன்று அஞ்சத் தேவையற்ற இரண்டுக்குள் மறைந்துபோனது. அன்றிரவு அக்காவிடம் சொன்னவற்றையும், பின்னர் மலையில் கண்டவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எரிமலை அல்ல: முதலில் மலையின் கல்லைப் பார்ப்போம். எரிமலை உமிழ்ந்த குழம்பு ஆறி இறுகினால் கிடைப்பது பெரும்பாலும் பசால்ட் என்னும் கரும்பாறை. மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதியை மூடியிருக்கும் தக்காணப் பாறை அவ்வகைதான். அது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருகி ஓடிய குழம்பு. அந்தக் குழம்பு பழனி மலைவரை வரவில்லை. கொடைக்கானல் நிற்பது சார்னோகைட் என்னும் உருமாறிய பாறைமீது. கல்கத்தா நகரின் தொடக்க வரலாற்றோடு பெயர் இணைந்த கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், சென்னைப் பல்லாவரம் பகுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது. அந்தக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். பல்லாவரம் குன்றும் கொடைக்கானல் முகடும் இவ்வகையில் உறவுக்காரர்கள்.

சார்னோகைட் நிலத்தின் மேற்பரப்பில் உருவாவதில்லை. இருபது கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெப்பத்தில், பெரும் அழுத்தத்தின்கீழ் வெந்து உருமாறும் பாறை அது. பழனி மலைப் பாறைகள் இப்படி வெந்த கடைசிப் பெருநிகழ்வு ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு அண்டார்க்டிகா ஆகியவை கோண்டுவானா என்ற ஒரே நிலப்பரப்பாக ஒட்டிக்கொண்ட காலத்தில் நடந்தது. பிறகு நிலம் எழும்பி, மேலிருந்த பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையாலும் காற்றாலும் அரிக்கப்பட்டு நீங்கியதால், ஆழத்தில் இருந்தவை இன்று நம் கண்முன் நிற்கின்றன. சுற்றுலாப் பயணிகள் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளும் தூண் பாறைகளும் எரிமலை எழுப்பிய தூண்கள் அல்ல. செங்குத்தான வெடிப்புகளின் வழியே நீர் இறங்கி, பாறையை மெல்ல மெல்லப் பிரித்ததன் விளைவு. 1991இல் வெளிவந்த ‘குணா’ திரைப்படத்தால் பெயர்பெற்ற குகையும் அத்தகைய ஆழமான பாறை இடுக்குதான். நட்சத்திர வடிவிலான ஏரியையும் சிலர் எரிமலை வாய் என்று சொல்வதுண்டு. அது மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்சின் முயற்சியால் 1863இல் கரை கட்டித் தேக்கப்பட்ட நீர்நிலை.

இந்திய எல்லைக்குள் இன்று உயிரோடிருக்கும் எரிமலை ஒன்றே. அது அந்தமான் கடலில் உள்ள பேரன் தீவு. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக உறங்கிய அது 1991இல் விழித்தது. அதன்பின் அவ்வப்போது புகைந்துகொண்டிருக்கிறது. அதற்குக் காரணம், அங்கே ஒரு புவித்தட்டு மற்றொன்றின் அடியில் நுழைந்துகொண்டிருப்பது. பழனி மலையின் அடியில் அப்படி எந்தத் தட்டும் நுழையவில்லை; உருகிய குழம்புக் கிடங்கும் இல்லை. ஆகவே, எரிமலை அச்சத்தை நாம் முழுமையாகக் கைவிடலாம்.

நிலநடுக்கம் வருமா?: இதற்கு அவ்வளவு எளிதாக ‘இல்லை’ என்று சொல்ல முடியாது. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. அந்த முட்டலின் பெரும்பகுதியை இமயமலை தாங்கிக்கொண்டாலும், அழுத்தம் தட்டின் உள்பகுதிகளிலும் சேர்கிறது. தென்னிந்தியாவில் பழைய பாறைப் பிளவுகள் பல உள்ளன. அவற்றில் ஏதேனும் ஒன்று சற்றே வழுக்கினால் நிலம் நடுங்கும்.

அப்படி நடுங்கியும் இருக்கிறது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கம் தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. அதன் அளவு 6ஐ ஒட்டியிருந்தது என்று மதிப்பிடப்படுகிறது. கோவைக்கும் கொடைக்கானலுக்கும் நேர்க்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 100 கி.மீ. மட்டுமே. பழனி மலைக்கு இன்னும் அருகே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் 1988 ஜூனில் 4.5 அளவிலான நிலநடுக்கம் பதிவானது. 2000 டிசம்பரில் ஈராட்டுப்பேட்டை பகுதியில் 5.0 அளவிலும், 2001 ஜனவரியில் 4.8 அளவிலும் நிலம் அதிர்ந்தது. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் ஏற்பட்ட நடுக்கம் சென்னையையும் ஆட்டியது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, 2002ஆம் ஆண்டு நிலநடுக்க வரைபடம் மாநிலத்தை இரண்டாம், மூன்றாம் மண்டலங்களில் வைத்தது. அதாவது குறைந்த, மிதமான ஆபத்துள்ள பகுதிகள். ஆனால் குறைந்த ஆபத்து என்பது ஆபத்தே இல்லை என்று ஆகாது. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் வட்டாரம், நாட்டிலேயே மிகவும் பாதுகாப்பானதாகக் கருதப்பட்ட முதல் மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியலுக்கு முன் 6.2 அளவிலான நிலநடுக்கம் அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்களைப் பறித்தது. மண்சாந்தில் அடுக்கிய கனத்த கற்சுவர்கள் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது சரிந்ததே உயிரிழப்பு இவ்வளவு பெருகக் காரணம். அதன்பின், 2002இல், முதல் மண்டலம் என்ற பிரிவே நீக்கப்பட்டு இரண்டாம் மண்டலத்தோடு சேர்க்கப்பட்டது.

எனவே, பழனி மலையில் மிதமான நிலநடுக்கம் என்றாவது ஒருநாள் உணரப்படலாம். ஆனால், எந்த நாளில், எந்த நேரத்தில் என்று முன்கூட்டிச் சொல்லும் அறிவியல் உலகில் எங்கும் இல்லை. அப்படிச் சொல்லும் தகவல் எதுவானாலும், அனுப்பியவர் யாரானாலும், அதை நம்ப வேண்டியதில்லை. மதுரையில் இருப்பதைவிடக் கொடைக்கானலில் நான்கு நாள்கள் இருப்பதால் நிலநடுக்க ஆபத்து குறிப்பிடத்தக்க அளவு கூடிவிடாது. நாட்டில் நிலநடுக்கப் பதிவு தொடங்கிய முதல் சில இடங்களில் கொடைக்கானலும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. 1897 அசாம் பெருநிலநடுக்கத்துக்குப் பின் கல்கத்தா, பம்பாய் ஆகிய நகரங்களோடு கொடைக்கானல் வானாய்வகத்திலும் பதிவுக் கருவி நிறுவப்பட்டது. சூரியனைப் பார்ப்பதற்காக 1899இல் செயல்படத் தொடங்கிய அந்த நிலையம், காலடியையும் கவனித்துவந்திருக்கிறது.

எரிமலைப் பூங்காக்கள் தரும் பாடம்: உண்மையிலேயே எரிமலைமீது மனிதர் சுற்றுலா செல்லும் இடங்கள் உலகில் உண்டு. அங்கே என்ன செய்கிறார்கள்? ஹவாய் தீவில் உள்ள எரிமலைகள் தேசியப் பூங்காவுக்கு ஆண்டுதோறும் பெருங்கூட்டம் செல்கிறது. அங்குள்ள எரிமலை ஆய்வகம் 1912 முதல் இயங்குகிறது. 2018 மே 4 அன்று 6.9 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. கிலாவேயா எரிமலையின் உச்சி உள்வாங்கத் தொடங்கியது. மே 11 அன்று பூங்காவின் பெரும்பகுதி மூடப்பட்டது. நான்கு மாதங்களுக்கும் மேல் கழித்து, செப்டம்பர் 22 அன்றுதான் மக்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். அளந்தார்கள்; அளந்ததை மக்களிடம் சொன்னார்கள்; தேவைப்பட்டபோது வாயிலை மூடினார்கள்.

நியூசிலாந்தின் வெள்ளைத் தீவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 2019 நவம்பரில் அந்த எரிமலையின் எச்சரிக்கை நிலை உயர்த்தப்பட்டிருந்தது. ஆயினும் சுற்றுலாக்கள் தொடர்ந்தன. டிசம்பர் 9 அன்று எரிமலை வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தனர். அவர்களில் 22 பேர் இறந்தனர். கருவிகள் கவனித்துக்கொண்டுதான் இருந்தன, எச்சரிக்கையும் இருந்தது. அந்த எச்சரிக்கை, படகில் ஏறவிருந்த பயணியின் முடிவை மாற்றும் அளவுக்கு அவரைச் சென்றடையவில்லை.

இவ்விரண்டு நிகழ்வுகளையும் வைத்துப் பார்த்தால், ஓர் இடத்துக்குப் போகலாமா என்ற கேள்விக்கு அந்த இடத்தில் ஆபத்து உண்டா என்பது மட்டும் விடையாகாது. அங்குள்ள ஆபத்து எது, அதை யாரேனும் அளக்கிறார்களா, அளந்ததை நமக்குச் சொல்கிறார்களா என்பவையே சரியான கேள்விகள். இந்தக் கேள்விகளைக் கொடைக்கானலிடம் கேட்டால் வரும் விடை எரிமலையையோ நிலநடுக்கத்தையோ சுட்டாது, சரிவைச் சுட்டும்.

பிளந்த நிலம் சொன்னது: 2024 செப்டம்பரில் மேல்மலையின் கிளாவரைப் பகுதியில் நடந்ததை நினைவுகூர்வோம். ஊருக்கு ஓடையிலிருந்து வரவேண்டிய தண்ணீர் வரவில்லை. காரணம் தேடி ஊர்மக்கள் காட்டுக்குள் சென்றபோது, சுமார் 300 அடி நீளத்துக்கு நிலம் பிளந்து கிடப்பதைக் கண்டதாகச் செய்திகள் வெளியாயின. நிலநடுக்கமோ என்ற அச்சம் உடனே பரவியது. ஆனால் பெரிய நிலநடுக்கம் எதுவும் இல்லாமலேயே மலையில் நிலம் பிளக்கும். சரிவின்மேல் இருக்கும் மண் போர்வை கீழ்நோக்கி நகரத் தொடங்கும்போது, அது பிரியும் இடத்தில் இப்படி நீளவாக்கில் வெடிப்பு தோன்றுவது புவியியலில் நன்கு அறியப்பட்ட அறிகுறி.

சார்னோகைட் பாறை உறுதியானதுதான். ஆனால் அதன்மேல் பல லட்சம் ஆண்டுகளாக மழையில் ஊறிச் சிதைந்து உருவான மண் பல அடி தடிமனில் படிந்துள்ளது. மழைநீர் இந்த மண்ணுக்குள் இறங்கிக் கீழே பாறையைத் தொட்டதும் மேலும் இறங்க வழியின்றித் தேங்குகிறது. தேங்கிய நீர் மண்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குகிறது. அவற்றின் பிடிப்பு தளர்கிறது. மண்ணின் எடையும் கூடுகிறது. ஈர மணலை அளவோடு நனைத்தால் கோபுரம் கட்டலாம். அளவு மீறினால் அது கூழாகிவிடும். கடற்கரையில் குழந்தைகள் கற்கும் இந்தப் பாடம்தான் நிலச்சரிவின் அடிப்படை.

இதன் விலையை நாம் அண்மைக் காலத்திலேயே கொடுத்திருக்கிறோம். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையின்போது ஏற்பட்ட சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பை மண் மூடியது. 70 பேரை இழந்தோம். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பெட்டிமுடிக்கும் கொடைக்கானலுக்கும் நேர்க்கோட்டில் 60 கி.மீ.கூட இல்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களில் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையின் சரிவு பெயர்ந்து ஒரே வீட்டில் ஏழு பேரைப் பலிகொண்டது. நெருப்பு மலை என்று நாம் வணங்கும் அந்த மலையும் எரிமலை அன்று. அங்கே உயிரைக் குடித்தது நீர்தான். இந்த நான்கு துயரங்களில் எதற்கும் நிலநடுக்கம் காரணமல்ல.

மலை தானாகச் சரிவதில்லை: மழை இயற்கை. ஆனால் எந்தச் சரிவு எவ்வளவு மழையைத் தாங்கும் என்பதை இன்று பெருமளவில் மனிதர்களே தீர்மானிக்கிறோம். சாலைக்கும் கட்டடத்துக்கும் சரிவின் அடிவாரத்தைச் செங்குத்தாக வெட்டும்போது, மேலிருக்கும் மண்ணைத் தாங்கிக்கொண்டிருந்த முட்டுக்கட்டையை நாம் எடுத்துவிடுகிறோம். வெட்டிய மண்ணைக் கீழே ஓடையில் தள்ளும்போது, நீர் வடியும் வழியை அடைக்கிறோம். நீர் உறிஞ்சும் கழிவுக்குழிகளைச் சரிவிலேயே தோண்டும்போது, மழை இல்லாத நாள்களிலும் மண்ணை ஊறவைக்கிறோம்.

பழனி மலையின் பழைய காடு சோலையும் புல்வெளியும் மாறி மாறி அமைந்தது. சோலை மரங்களின் அடர்ந்த வேர்களும், புல்வெளியின் பின்னிய வேர்ப்பாயும் மழைநீரை மெல்ல வாங்கி, ஓடைகளுக்கு மெல்ல விட்டன. ஆங்கிலேயர் காலத்திலும் விடுதலைக்குப் பின்னரும் அந்தப் புல்வெளிகளில் யூகலிப்டஸ், பைன், சீகை மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டு, 600 சதுர கி.மீ.க்கும் மேற்பட்ட காடு சட்டப் பாதுகாப்புக்குள் வந்தது நல்ல மாற்றம். ஆனால் சரணாலயத்தின் எல்லைக் கல்லுக்கு வெளியே உள்ள சரிவுகளும் அதே மலையின் சரிவுகள்தான்.

நிலநடுக்க அச்சம் பொருத்தமாகும் இடமும் இதுவே. உறுதியான பாறைமீது முறையாகக் கட்டிய ஒரு மாடி வீட்டை மிதமான நடுக்கம் விரிசலோடு விட்டுவிடலாம். மழையில் ஊறி, அடிவாரம் வெட்டப்பட்டு நிற்கும் சரிவை அதே நடுக்கம் பெயர்த்துவிடலாம். ஆகவே, சரிவைக் காப்பது இரண்டு ஆபத்துகளுக்கும் ஒரே மருந்து.

நாங்கள் தங்கிய விடுதி: இவ்வளவையும் கேட்ட அக்கா, “அப்ப போலாம்கிறியா, வேண்டாம்கிறியா?” என்றார். “போகலாம். ஆனா எங்க தங்கறோம்கிறதைப் பார்த்துத்தான்” என்றேன். அப்படிச் சொன்ன நானே முதல் நாள் அதைச் செய்யத் தவறினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

வத்தலக்குண்டு வழியாக ஏறி, மாலையில் விடுதியை அடைந்தோம். இணையத்தில் பள்ளத்தாக்கைப் பார்த்த பால்கனியின் படத்தைக் கண்டு பதிவுசெய்த இடம். படத்தில் இல்லாதது பின்புறம் இருந்தது. கட்டடத்துக்கும் மலைக்கும் நடுவே ஆறடி இடைவெளி. அதற்கப்பால் இரண்டு மாடி உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டிய செம்மண். பொக்லைன் பற்களின் தடம் இன்னும் அழியவில்லை. தடுப்புச்சுவர் பாதியில் நின்றது. அதில் நீர் கசிந்து வெளியேறுவதற்கான துளைகள் இல்லை. மேலே யூகலிப்டஸ் மரங்கள் இரண்டு கட்டடத்தின் பக்கம் சாய்ந்திருந்தன.

வரவேற்பறையில் இருந்த இளைஞரிடம் கேட்டேன். “நாலு வருஷமா அப்படியேதான் நிக்குது சார், ஒண்ணும் ஆகல” என்றார். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. அவர் சம்பளத்துக்கு வேலைபார்ப்பவர். அந்தச் சுவருக்குப் பக்கத்திலிருந்த அறையில்தான் அவரும் உறங்குகிறார். வானத்தில் மேகம் திரண்டிருந்தது. முன்பணத்தை இழந்தாலும் பரவாயில்லை என்று, இருட்டுவதற்குள் ஏரிக்கு அருகே சமதளத்தில் இருந்த ஒரு பழைய விடுதிக்கு மாறினோம். அன்றிரவு இடியோடு மூன்று மணி நேரம் மழை கொட்டியது. மறுநாள் அந்த வழியே சென்றபோது முதல் விடுதி நின்றுகொண்டுதான் இருந்தது. “பாத்தியா, ஒண்ணும் ஆகல. பணம்தான் போச்சு” என்று மருமகன் சிரித்தார். எனக்கு வருத்தம் இல்லை. ஒரு மழையில் விழாதது அடுத்த மழையிலும் விழாது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

பயணி செய்யக்கூடியவை: முதலாவது, காலத்தைத் தேர்ந்தெடுப்பது. வானிலை ஆய்வு மையம் திண்டுக்கல், தேனி மாவட்டங்களுக்குக் கனமழை எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிவைக்கலாம். மலைச்சாலையில் மழையிரவில் பயணம் செய்வதை அறவே தவிர்க்கலாம். இரண்டாவது, இடத்தைத் தேர்ந்தெடுப்பது. விடுதியின் முன்புறக் காட்சியைக் கேட்பதுபோலப் பின்புறச் சரிவையும் கேட்டறியலாம். ஓடையின் கரையிலும், செங்குத்தாக வெட்டிய மண்ணின் அடியிலும் உறங்காமல் இருக்கலாம். மூன்றாவது, அறிகுறிகளை அறிந்துவைத்துக்கொள்வது. தரையிலும் சுவரிலும் புதிய விரிசல், திடீரென்று மூட மறுக்கும் கதவு, சாயும் மரமும் மின்கம்பமும், தெளிந்த ஊற்று கலங்குவது, மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடை வற்றுவது ஆகியவை சரிவு நகர்கிறது என்பதற்கான அடையாளங்கள். இவற்றைக் கண்டால் பெட்டியைக்கூட எடுக்காமல் பக்கவாட்டில் விலகி, மேடான உறுதியான இடத்துக்குச் செல்ல வேண்டும். நிலம் நடுங்கினால் உறுதியான மேசையின்கீழ் தலையைக் காத்துக்கொண்டு, நடுக்கம் நின்றதும் வெளியேறிச் சரிவிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை: பயணிக்கு வேறு ஊர் உண்டு. மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுபவருக்கு வேறு ஊர் இல்லை. பொய்யான எரிமலைச் செய்தி பரவினால் அவர் பிழைப்பு கெடுகிறது. உண்மையான சரிவு எச்சரிக்கை வராவிட்டால் அவர் உயிர் போகிறது. வதந்தியை மறுப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடாது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. மலையின் தாங்குதிறனைக் கணக்கிடும் பணி சென்னை ஐஐடி, பெங்களூரு ஐஐஎம் ஆகிய நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இவை வரவேற்க வேண்டியவை. ஆனால் வாகனங்களை எண்ணுவது எளிது. சரிவுகளை எண்ணுவதே தேவை. அதே இ-பாஸில் அன்றைய மழை, சரிவு எச்சரிக்கையைத் தமிழில் அனுப்புவதற்குப் பெரிய செலவு ஆகாது.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தைத் தொடங்கியது. தொடக்கத்திலேயே அதன் முன்னறிவிப்பு டார்ஜிலிங், காலிம்போங் மாவட்டங்களோடு நமது நீலகிரிக்கும் கிடைத்தது. அத்தகைய முன்னறிவிப்பு பழனி மலையின் ஒவ்வோர் ஊராட்சிக்கும் எளிய தமிழில் சென்றடைய வேண்டும். ஊருக்கு ஒரு மழைமானி வைத்து, அதைப் படித்துப் பதிவுசெய்ய ஊரிலேயே ஒருவரைப் பயிற்றுவிக்கலாம். சரிவை வெட்டிக் கட்டிய விடுதிகளைத் தணிக்கை செய்து, அதன் முடிவை விடுதியின் வாசலிலும் முன்பதிவுப் பக்கத்திலும் வெளியிடச் செய்யலாம். அனுமதியின்றிப் பொக்லைன் இயக்கக் கூடாது என்ற விதி, இரவிலும் விதியாக இருக்க வேண்டும்.

நான்காம் நாள் காலை, அக்கா தாம் பணிபுரிந்த தெருவில் மெல்ல நடந்தார். அவர் நினைவிலிருந்த ஓட்டு வீடுகள் பல இல்லை. அவற்றின் இடத்தில் நான்கு மாடிகள் நின்றன. வழியில் ஒரு தேநீர்க் கடையில், மேல்மலையிலிருந்து பூண்டு மூட்டையோடு வந்திருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக்கொடுத்தார். நிலம் பிளந்த செய்தியைக் கேட்டு வர பயந்ததாக அக்கா சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “பயப்படுறது தப்பில்லம்மா. எங்களுக்கும் பயந்தான். தண்ணி நின்னா ஏன் நின்னுச்சுன்னு போய்ப் பாப்போம், அவ்வளவுதான்” என்றார்.

கிளாவரையில் பிளவைக் கண்டுபிடித்தது கருவியல்ல. தண்ணீர் வராததன் காரணத்தைத் தேடிப் போன மனிதர்கள். அவர்களுடைய கவனத்துக்குத் துணையாகக் கருவியும் அறிவிப்பும் சட்டமும் சேர்ந்தால், கொடைக்கானலுக்கு நாம் அச்சமின்றிச் செல்லலாம். நாம் திரும்பி வந்த பின்னரும் அவர்கள் அங்கே அச்சமின்றி உறங்கலாம்.